ஒன்பதுக்குக் கீழே பத்து

கண்ணாடிக்காரர் வீட்டு முன்னறையில் மனிதர்கள் உட்கார இடம் கிடையாது. சோபா இருந்த இடத்தில் கார் பந்தயப் பெட்டி. டி.வி. இருந்த இடத்தில் குதிரைப் பந்தயப் பெட்டி. ஜன்னலை மறைத்துக்கொண்டு, விமானத்தைச் சுட்டு வீழ்த்தும் பெட்டி. எல்லாம் ஒரு காலத்தில் வீடியோ விளையாட்டுக் கடைகளில் டோக்கனைத் தின்று வாழ்ந்தவை. கடைகள் மூடிய பிறகு மாடிப்படிக்கு அடியிலும் கோணிக்கு உள்ளேயும் கிடந்தவற்றை இவர் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து, பிரித்து, துடைத்து, ஓட வைத்திருந்தார். பகலில் மூக்குக் கண்ணாடிக் கடை. கடை முடிந்தால் ஸ்க்ரூ டிரைவரும் சால்டரிங் கம்பியும்.

அவர் மனைவி இந்தப் பெட்டிகளுக்கு வைத்திருந்த பெயர் சக்களத்திகள்.

"மூணு சக்களத்தியோட குடும்பம் நடத்தறேன். ஒருத்தியாவது ஒரு டம்ளர் கழுவி வச்சிருக்காளா?" என்பாள், வருகிறவர்களிடம்.

நாலாவது சக்களத்தி அக்கா வீட்டிலிருந்து வந்தாள்.

அக்கா வீட்டுக்காரர், அதாவது மச்சான், பஸ் நிலையத்துக்கு எதிரே விளையாட்டுக் கடை வைத்திருந்தவர். கடையை மூடியபோது மற்றப் பெட்டிகளை எடைக்குப் போட்டுவிட்டு, நீர்மூழ்கிக் கப்பல் பெட்டியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் நிறுத்தினார். அதுவும் கொஞ்ச காலத்தில் மூச்சை விட்டது. போன வருஷம் மச்சானும் போய்விட்டார். கண்ணாடிக்காரருக்கு அந்தப் பெட்டியின் மேல் வெகு நாளாக ஒரு கண். கேட்கத்தான் வாய் வரவில்லை. பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி, அக்காவே ஒரு நாள் கூப்பிட்டாள்.

"பொண்ணு ஊர்லேர்ந்து வர்றாடா, பேத்தியைக் கூட்டிக்கிட்டு. இதை ஓட வச்சுக் குடேன். பேத்தி விளையாடட்டும்."

"ஓட வைக்கறதா? ஃபேக்டரியிலேர்ந்து இறங்கின அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படி ஆக்கித் தர்றேன் பாரு."

"அதெல்லாம் எதுக்கு? ஓடினா போதும்."

இந்தக் கடைசி வாக்கியம் அவர் காதில் ஏறவில்லை. ஏறியிருந்தாலும் நின்றிருக்காது. பழைய பெட்டிகளைச் சேர்க்கிறவர்கள் ஒரு குழு வைத்திருந்தார்கள். போனில் தினமும் படம் போட்டுக்கொள்வார்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு படம்: இடது பக்கம் வந்தபோது இருந்த கோலம், வலது பக்கம் முடித்தபோது இருக்கும் அழகு. இரண்டுக்கும் நடுவே தூரம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு கைதட்டல். ஓடினால் போதும் என்கிற பெட்டிக்கு அங்கே யார் கைதட்டுவார்கள்?

உள்ளே பெரிய கோளாறு இல்லை. உப்பிப்போன கெபாசிட்டர்கள் சில, ஒரு அறுந்த கம்பி. மாற்றியதும் திரையில் நீலக் கடல் எழும்பியது. அக்கா கேட்ட வேலை அத்தோடு முடிந்தது. ஆனால் அவர் கண்ணை உறுத்தியது வெளிப்புறம்தான். மச்சான் பெட்டியைப் படுத்தியிருந்த பாடு கொஞ்சநஞ்சமல்ல. டோக்கன் சிக்கினால் முஷ்டியால் குத்துகிற மனுஷன். குத்திய இடம் பள்ளமாகவே இருந்தது. ஜாய்ஸ்டிக் அடியில் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றியிருந்தார். இடது பக்கப் பலகையில், வெளிர் மஞ்சள் பெயின்ட்டின் மேல், முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் மேலிருந்து தோள் உயரம் வரை பென்சில் கோடுகள். ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் ஒரு எண்.

வழக்கப்படி படம் எடுத்துக் குழுவில் போட்டார். "யாரோ ஸ்கோர் எழுதி வச்சிருக்கான் போல," என்றார் ஒருவர். "வச்சிருந்தவருக்கு அருமை தெரியல, அவ்வளவுதான்," என்று கண்ணாடிக்காரர் பதில் போட்டார். செத்துப்போன மச்சானைப் பற்றித்தான் போட்டார்.

உப்புத்தாள் சக்கரத்தை ஓட்டி அந்தப் பக்கத்தைத் தேய்க்க ஆரம்பித்தார். கீழிருந்து மேலே போகும்போது, அந்தக் கோடுகள் படிப்படியாக ஏறுகிறதே, ஸ்கோர் எதற்கு இப்படி ஏறும், என்று ஒரு நினைப்பு வந்தது. வரவில்லை என்று அவரால் பிற்பாடு தனக்குத் தானே கூடச் சொல்லிக்கொள்ள முடியவில்லை. சக்கரத்தை நிறுத்தி அக்காவுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். போன் சட்டைப் பையிலேயே இருந்தது. ஆனால் பாதிப் பலகை பளிச்சென்று ஆகியிருந்தது. மீதிப் பாதியும் ஆனால் எப்படி இருக்கும் என்று கை துடித்தது. தேய்த்து முடித்தார். வெளிர் மஞ்சள் தூள் அறை முழுக்கப் படிந்தது. மனைவி தும்மிக்கொண்டே முணுமுணுத்தாள். அவரே பெருக்கி வாரி, பையில் கட்டி, வாசலில் குப்பைத் தொட்டியில் போட்டார். அப்புறம் பட்டி பூசி, மறுபடி தேய்த்து, புதுப் பெயின்ட் அடித்தார். வலது பக்கப் படத்துக்கு அதுவரை யாருக்கும் விழாத கைதட்டல் விழுந்தது.

ஒரு வாரம் அவர் தரையில் நடக்கவில்லை. பிறகு அக்காவின் போன் வந்தது.

"பொட்டி ஓடுதாடா?"

"குதிரை மாதிரி ஓடுது."

"நல்லா இரு. ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். பக்கவாட்டுல அவர் போட்ட கோடெல்லாம் இருக்கும் பாரு. நம்ம பொண்ணோட ஒவ்வொரு பிறந்த நாளைக்கும் பொட்டியோரமா நிக்க வச்சுக் கோடு போட்டு வயசை எழுதுவார். கடையில எத்தனை கூட்டம் இருந்தாலும் விடமாட்டார். பேத்தியையும் அதுல நிக்க வச்சு அளக்கணும்னு போறதுக்கு முன்னாடி சொல்லிக்கிட்டே இருந்தார். இருக்குல்ல?"

இந்த இடத்தில் ஒரு மனிதன் பல விதமாகப் பதில் சொல்லலாம். கண்ணாடிக்காரர் வாயிலிருந்து வந்தது ஒன்றுதான்.

"இருக்குக்கா."

அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. திருப்பி எடுக்கலாம் என்பதற்குள் அக்கா வேறு பேச்சுக்குப் போயிருந்தாள். அவள் இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷன் செய்துகொள் என்று இரண்டு வருஷமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர் இந்தத் தம்பிதான்.

"நீ சொன்னதைக் கேட்டிருக்கணும்டா. பொண்ணு வர்றதுக்குள்ள முடிச்சுக்கலாம்னு பார்க்கறேன். பேத்தி முகத்தை நல்லா பார்க்கலாமே. டாக்டரும் அடுத்த வாரமே வாங்கங்கறார்."

"அவசரப்படாதேக்கா," என்றார் கண்ணாடிக்காரர். "ஆபரேஷன் பண்ணா தூசி படக் கூடாது, குனியக் கூடாது. வீட்டுல சின்னப் புள்ள ஓடியாடறப்ப சரிப்படாது. அவ ஊருக்குப் போனப்புறம் பண்ணிக்கோ."

"நீ சொன்னா சரி. கண்ணைப் பத்தி உனக்குத் தெரியாததா?"

போனை வைத்துவிட்டுக் கார் பந்தயப் பெட்டியின் இருக்கையில் உட்கார்ந்தார். வீட்டில் உட்கார இருந்த ஒரே இடம் அது. தேய்த்தது தெரியாமல் செய்தது என்று யாரிடமாவது சொல்லிக்கொள்ளலாம். இப்போது சொன்னதை என்னவென்று சொல்வது? அக்காவின் கண்ணில் இருக்கிற புகை இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று அவர் நினைத்துவிட்டார். அதை அவள் தம்பி சொல்லாக எடுத்துக்கொண்டுவிட்டாள்.

மனைவி அடுப்படி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"இப்பவே திருப்பிக் கூப்பிட்டு சொல்லிடுங்க. திட்டுவாங்க, ரெண்டு நாள் பேச மாட்டாங்க, அப்புறம் சரியாப் போயிடும்."

"அவ ஆசையா இருக்கா. மனசு உடைஞ்சு போயிடும்."

"அவங்க மனசுக்காகவா மறைக்கறீங்க?" என்றாள் மனைவி. "ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் வேணும். பார்த்துக்கங்க."

ஒன்பது வேண்டியிருக்கவில்லை. ஒரு படம் போதுமாக இருந்தது. குழுவில் போட்ட இடது பக்கப் படம் போனிலேயே இருந்தது. அதைப் பெரிதாக அச்சடித்துக்கொண்டார். புதுப் பெயின்ட்டில் ஒரு பட்டையை மட்டும் பளபளப்புப் போகத் தேய்த்தார். தேயிலைத் தண்ணீரைப் பஞ்சில் நனைத்து ஒற்றி ஒற்றிப் பழுப்பேற்றினார். பார்க்கிறவர்களுக்கு, அந்தப் பட்டையை மட்டும் தொடாமல் விட்டுச் சுற்றிலும் பெயின்ட் அடித்தது போலவே இருந்தது. பிறகு பென்சிலை எடுத்துக்கொண்டு மச்சானின் எண்களைப் பழகினார். பழைய செய்தித்தாள் ஓரங்களில் எழுதி எழுதிப் பார்த்தார். மச்சான் நாலை வாய் திறந்தபடி விட்டுவிடுவார். ஏழுக்கு இடுப்பில் ஒரு கோடு. ஐந்துக்குத் தொப்பி தலையில் ஒட்டாமல் தனியாகப் பறக்கும். கடையில் மூக்குக் கண்ணாடிச் சீட்டு எழுதும்போதுகூட ஐந்தின் தொப்பி பறக்கத் தொடங்கியது.

வெட்கக்கேடு என்னவென்றால், அந்த வேலை அவருக்குப் பிடித்திருந்தது. நாலு நன்றாக வந்தபோது, ஒரு கணம், இதைப் படமெடுத்துக் குழுவில் போட்டால் என்ன என்றுகூடத் தோன்றியது. உடனே பென்சிலைக் கீழே வைத்துவிட்டுப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

ஒரே ஒரு இடத்தில்தான் சந்தேகம். படத்தின் மேல்பகுதியில் ஃப்ளாஷ் வெளிச்சம் அடித்து வெளுத்திருந்தது. உற்றுப் பார்த்தால் பத்து என்ற எண்ணின் கோடு ஒன்பதின் கோட்டுக்குக் கீழே இருப்பது போலத் தெரிந்தது. வளர்கிற பிள்ளை எப்படிக் குறையும்? லென்ஸ் விவகாரம் அவருக்கு அத்துப்படி ஆயிற்றே. ஓரத்துக்குப் போகப் போகப் போன் கேமரா நேர்கோட்டை வளைக்கும் என்று தெரியாதவரா? படத்தின் பிழை இது என்று முடிவு கட்டினார். கோணலாக இருக்கும் எதையும் நேராக்காமல் அவருக்குத் தூக்கம் வராது. ஒன்பதைக் கீழேயும் பத்தை மேலேயும் எழுதி முடித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா வந்தாள், மகள் கையைப் பிடித்துக்கொண்டு. பேத்தி முன்னால் ஓடி வந்து முன்னறையைப் பார்த்ததும் வாயடைத்து நின்றாள். அதற்கு அப்புறம் அவளைக் குதிரையிலிருந்து இறக்கவே பாடாகிவிட்டது.

"கண்ணாடித் தாத்தா, இதெல்லாம் உங்களுதா?"

"எல்லாம் அவருதுதான் கண்ணு. நான் மட்டும்தான் இந்த வீட்டுல வாடகைக்கு," என்றாள் மனைவி. எல்லோரும் சிரித்தார்கள். கண்ணாடிக்காரரும் சிரித்தார். அவர் சிரிப்பு மட்டும் கொஞ்சம் தாமதமாக வந்தது.

நீர்மூழ்கிப் பெட்டியில் டோக்கனைப் போட்டார். நீலக் கடல் எழும்பியது. அந்தப் பழைய டிங்டாங் ஓசையைக் கேட்டதும் அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா மகள் அறை ஓரமாகப் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, "தேங்க்ஸ் மாமா," என்றாள். அந்த இடத்தில் நிறுத்திக்கொண்டிருந்தால் எல்லாம் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

அக்கா பேத்தியை இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள்.

"இங்க வா. உங்கம்மா கதை ஒண்ணு சொல்றேன். உலகத்துல எந்தப் புள்ளையும் பண்ணாததை உங்கம்மா பண்ணா. ஒரு வருஷம் வளர்ந்தா, மறு வருஷம் குட்டையாயிட்டா."

"அம்மா, ஆரம்பிக்காதே," என்றாள் மகள், சிரித்துக்கொண்டே.

"ஒன்பது வயசுல அளக்கறப்ப இவ குதிகாலைத் தூக்கிட்டு நின்னிருக்கா. உங்க தாத்தா கவனிக்கல, கோடு போட்டுட்டார். மறு வருஷம் கால்ல செருப்பு கடிச்சுப் புண்ணு. தூக்க முடியல. ஒழுங்கா நின்னா. பத்துக்குக் கோடு போட்டா, ஒன்பதுக்குக் கீழ வந்து நிக்குது. அதை அழிச்சுட்டு மேல போடுங்கன்னு ஒரே அழுகை. தாத்தா முடியாதுன்னுட்டார். போட்ட கோட்டை அழிக்கக் கூடாதுன்னார். கடைக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் இதைக் காட்டிக் காட்டிச் சிரிப்பார்."

கண்ணாடிக்காரருக்கு முதுகுப் பக்கம் சட்டை ஒட்டிக்கொண்டது. மனைவியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

அக்கா பலகையில் கையை வைத்துத் தடவினாள். கண்ணைச் சுருக்கிக் கிட்டே போய்ப் பார்த்தாள். "ஒரே புகையா இருக்குடி. நீயே புள்ளைக்குக் காட்டு, எங்க இருக்குன்னு."

அக்கா மகள் குந்தி உட்கார்ந்தாள். அவள் விரல் ஒவ்வொரு கோடாகத் தொட்டுக்கொண்டு மேலே போனது. நாலு, ஐந்து, ஆறு. வாய்க்குள் எண்ணிக்கொண்டே போனாள். எட்டு. ஒன்பது. விரல் நின்றது. அதற்கு மேலே, பத்து. நல்ல பிள்ளையாக, வரிசை தப்பாமல்.

அவள் முதலில் அம்மாவைப் பார்த்தாள். பிறகு கண்ணாடிக்காரரைப் பார்த்தாள். அவர் முகத்தைக்கூட அல்ல, கையைப் பார்த்தாள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இருக்காடி?" என்றாள் அக்கா.

"இருக்கும்மா," என்றாள் மகள். குரல் கொஞ்சம் கூடப் பிசகவில்லை. "ஒன்பதுக்குக் கீழதான் இருக்கு பத்து."

அக்கா குழந்தை போலச் சிரித்தாள். "நான் சொல்லல?"

கண்ணாடிக்காரர் தப்பித்துவிட்டார். தப்பித்த சந்தோஷம் எங்கேயாவது இருக்கிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தார், இல்லை. பூமி பிளந்து தன்னை விழுங்காதா என்று சொல்வார்களே, அதைப் பேச்சுக்குச் சொல்வது என்றுதான் அதுவரை அவர் நினைத்திருந்தார்.

மகள் குழந்தையைப் பெட்டியோரமாக நிறுத்தினாள். குதிகால் தரையில் படுகிறதா என்று பார்த்துக்கொண்டாள். "பென்சில் இருக்கா மாமா?"

சட்டைப் பையில் இருந்தது. அதே பென்சில்தான். நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"நீங்களே போடுங்க," என்றாள். பிறகு அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அப்பா கையெழுத்து உங்களுக்கு நல்லா வருது," என்றாள்.

குனிந்தார். குழந்தையின் தலைமேல் பென்சிலை வைத்துக் கோடு இழுத்தார். குழந்தைக்கு வயது ஐந்து. இதையாவது தன் கையெழுத்தில் எழுதிவிட வேண்டும் என்று நினைத்துத்தான் எழுதினார். எழுதி முடித்துப் பார்த்தால், ஐந்தின் தொப்பி தலையை விட்டுத் தனியாகப் பறந்துகொண்டிருந்தது.

"இந்தாடா," என்றாள் அக்கா அவர் தோளைத் தொட்டு. "ஆபரேஷன் முடிஞ்சு கட்டைப் பிரிச்சதும் நான் முதல்ல பார்க்கப் போறது இதைத்தான். அந்த ஒன்பதையும் பத்தையும் கண்ணாரப் பார்க்கணும்."

கண்ணாடிக்காரர் குனிந்தபடியே இருந்தார்.

"அக்கா, அது இல்லக்கா."

"எது இல்ல?"

"மச்சான் எழுதினது. நான் தேய்ச்சுட்டேன். எல்லாத்தையும். இது நான் போட்டோவைப் பார்த்து எழுதினது. ஒன்பதும் பத்தும் கூடத் தப்பா எழுதிட்டேன். இவ உனக்காக மாத்திச் சொன்னா."

திரையில் கப்பல் டிங்டாங் என்று கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. அக்கா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள். அவர் செய்து கொடுத்த கண்ணாடிதான். புடவைத் தலைப்பால் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பலகையைப் பார்த்தாள். எப்படித் துடைத்தாலும் அவளுக்குத் தெரியாது என்று அந்த அறையில் எல்லோரையும்விட நன்றாக அவருக்குத் தெரியும்.

"அன்னைக்குப் போன்ல இருக்குன்னியே."

"சொன்னேன்."

"அதுக்கப்புறம்தானே ஆபரேஷனைத் தள்ளிப் போடச் சொன்னே?"

அவர் பென்சிலைச் சட்டைப் பையில் செருகினார். மனைவி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தாள். அக்கா திட்டுவாள் என்று காத்திருந்தார். கன்னத்தில் ஒன்று வைத்தால்கூடத் தேவலை என்று இருந்தது. சின்ன வயதில் வைத்திருக்கிறாள்.

"ஓடினா போதும்னுதானேடா சொன்னேன்," என்றாள் அக்கா.

பிறகு பலகையின் மேல் கையை வைத்தாள். எங்கே கோடு, எங்கே வெறும் பெயின்ட் என்று தெரியாமல் மேலும் கீழும் தடவினாள். வெகு நேரம் தடவிக்கொண்டிருந்தவளுக்குச் சட்டென்று என்னவோ நினைவு வந்தது போல இருந்தது. அவர் பக்கம் திரும்பினாள். முகத்தில் கோபம் இல்லை. ஏதோ ஒரு நம்பிக்கை இருந்தது; அதைத்தான் அவரால் பார்க்க முடியவில்லை.

"தேய்ச்சா தூள் விழுமேடா. அந்தத் தூளை என்ன பண்ணே?"

"பெருக்கிக் குப்பையில போட்டுட்டேன்க்கா," என்றார் கண்ணாடிக்காரர்.